ஜெயித்த வழக்குக்கு நாங்கள் கட்டிய ரூ. 8,43,000

ஒன்றிய நிதி மற்றும் நிறுவன விவகாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

கோவை மாவட்டத்தில் மூடிப்போன ஒரு ஸ்பின்னிங் மில்லின் கணக்குப் பிரிவில் 19 ஆண்டு வேலை பார்த்தவன் நான். மில் திவாலாகி, கம்பெனியைக் கலைத்துப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் லிக்விடேட்டர் கைக்குப் போய், இருந்ததை விற்று, கடைசியாகத் தொழிலாளர்களுக்குப் பங்கு பிரித்த நாள் வரைக்கும் கூடவே இருந்தேன். 112 தொழிலாளர்களின் க்ளெய்ம் படிவங்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். லிக்விடேட்டருக்கு ஆலோசனை சொல்லும், பாக்கி வர வேண்டியவர்களின் குழுவில் அவர்கள் சார்பில் உட்கார்ந்ததும் நான்தான்.

பங்கு பிரித்த அன்று ரீலிங் செக்ஷனில் 26 வருடம் வேலை பார்த்த ஒரு அம்மா தன் கணக்கில் ஏறிய தொகையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "ஏஞ்சாமி, அந்த வரிக்காரங்க கேசுல நாமதான கெலிச்சோம்? கெலிச்சா காசு எப்படிக் கொறையும்?"

எனக்குப் பதில் தெரியும். கணக்கு எழுதியவன் ஆயிற்றே. ஆனால் அந்தப் பதிலை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதை உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வழக்கை நடத்திய வரித் துறையும் உங்களிடம் இருக்கிறது, அந்த வழக்கு எழவே கூடாது என்று சொல்லும் திவால் சட்டத்தை நடத்தும் நிறுவன விவகாரத் துறையும் உங்களிடம்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மில்லின் நிலம், கட்டடம், மெஷின் எல்லாவற்றையும் கடன் கொடுத்த வங்கி, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானத்தை விற்க விடும் சர்ஃபேசி சட்டப்படி முன்பே விற்று எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு, 2019 நவம்பரில், பாக்கி வராத பஞ்சு வியாபாரி ஒருவர் போட்ட மனுவில் திவால் நடவடிக்கை தொடங்கியது. வாங்க யாரும் முன்வராததால் 2021 பிப்ரவரியில் கலைப்பு உத்தரவு. மிச்சம் இருந்தது அடமானத்தில் சேராத ஒரு குடோன் இடம், இ.பி. டெபாசிட், சோமனூர், திருப்பூர் பார்ட்டிகளிடமிருந்து வர வேண்டிய நூல் பாக்கி. எல்லாம் சேர்ந்து 71 லட்சம் ரூபாய். தொழிலாளர்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய 24 மாதப் பாக்கி மட்டும் 1 கோடியே 86 லட்சம்.

திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு யாருக்கு எப்போது என்று வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறது. முதல் படி, கலைப்புச் செலவு. இரண்டாவது படியில் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி. பிணையை விட்டுக்கொடுத்த கடன்காரர் இருந்தால் அவரும் அதே படியில். எங்கள் விஷயத்தில் அப்படி யாரும் இல்லை. மூன்றாவது, மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். நான் அந்தப் படி. நான்காவது, பிணையில்லாத நிதிக் கடன்கள். ஐந்தாவது படியில்தான் மத்திய, மாநில அரசுகளுக்குரிய பாக்கி, அதுவும் இரண்டு ஆண்டுக்கு உரியது. மூன்றாவது படிக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை, எனக்கு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இந்த மடலில் புகார் இல்லை. வரிசை என்றால் வரிசைதான்.

வரிசையை மதிக்காதது உங்கள் துறையின் ஓர் அலுவலகம்.

மில் கடைசியாக ஓடிய ஓராண்டுக்கு மேல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற ஜி.எஸ்.டி. கணக்குப் படிவம் தாக்கல் ஆகவில்லை. நானே அந்த சீட்டில் இருந்தவன் என்பதால் காரணம் தெரியும்: வரியை முழுதாகக் கட்டாமல் போர்ட்டல் 3பி-யை வாங்காது, கையில் காசு கிடையாது. தாக்கல் செய்யாதவர்களுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 62-ஆம் பிரிவின்கீழ் அதிகாரியே உத்தேசமாக மதிப்பிட்டு உத்தரவு போடலாம்; போட்டார்கள். கலைப்பு தொடங்கியதும் துறை தன் க்ளெய்மை லிக்விடேட்டரிடம் முறைப்படி கொடுத்தது. அவரும் அதை ஏற்று ஐந்தாவது படியில் வைத்தார். இதுவரை எல்லாம் சரி. வரி பாக்கி இல்லை என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

குடோன் இடத்தை ஏலம் எடுத்தவர் ஒரு தவணை கட்டினார். 2022 செப்டம்பர் மூன்றாம் வாரம், அந்தப் பணம் இருந்த வங்கிக்கு டி.ஆர்.சி-13 என்ற நோட்டீஸ் போனது. வரி பாக்கிக்காரரின் பணம் உன்னிடம் இருக்கிறது, அதை எங்களுக்கு அனுப்பு என்று வங்கிக்குச் சொல்லும் நோட்டீஸ் அது. வங்கியும் மறு பேச்சில்லாமல் ரூ. 17,60,000-ஐ அனுப்பிவிட்டது. லிக்விடேட்டர் திறக்கும் கணக்கில் நிறுவனத்தின் பெயரோடு 'கலைப்பில்' என்ற சொல்லும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கணக்கிலும் இருந்தது. நோட்டீஸில் அந்தப் பெயரையே டைப் செய்திருந்தார்கள்! கலைப்பில் இருக்கிறது என்று எழுதிவிட்டு, அதன் கீழேயே பணத்தை அனுப்பு என்று எழுத ஒரு கைக்கு முடிந்திருக்கிறது.

இதற்கு மூன்று வாரம் முன்னால், 2022 ஆகஸ்ட் 26 அன்று, ஏ.பி.ஜி. ஷிப்யார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தது. திவால் நடவடிக்கையில் உள்ள நிறுவனம் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சுங்கத் துறை கணக்கிடலாம். தானே வசூலில் இறங்கக் கூடாது, மற்ற எல்லோரையும் போல க்ளெய்ம் போட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் தோற்றது உங்கள் மறைமுக வரி வாரியம். தோற்ற தீர்ப்பு கோவை வரை வந்து சேர மூன்று வாரம் போதவில்லை போலிருக்கிறது.

பிறகு வழக்கில் துறைக்காக வாதாடியவர் 2022 செப்டம்பர் 6-இல் வந்த ரெயின்போ பேப்பர்ஸ் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டார். குஜராத் வாட் சட்டத்தில் வரி பாக்கி சொத்தின் மேல் முதல் பொறுப்பாக நிற்கும் என்று ஒரு பிரிவு உண்டு. அதை வைத்து மாநில அரசும் பிணை பெற்ற கடன்காரர்தான் என்று சொன்ன தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பால் நாடு முழுக்கக் குழப்பம் வந்தது உண்மை. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 82-ஆம் பிரிவைப் பாருங்கள். வரி பாக்கி முதல் பொறுப்பு என்று சொல்லும் அதே வாக்கியத்திலேயே, திவால் சட்டத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர என்று விலக்கும் இருக்கிறது. குஜராத் சட்டத்தில் இல்லாத விலக்கு உங்கள் சட்டத்தில் இருக்கிறது. சொந்தச் சட்டத்தின் முழு வாக்கியத்தையும் படித்திருந்தால் இந்த வழக்கே இல்லை. 2023 ஜூலை 17-இல் ராமன் இஸ்பாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரெயின்போ தீர்ப்பை அதன் சொந்த விவரங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொன்ன பிறகு பேச்சே இருந்திருக்கக் கூடாது.

லிக்விடேட்டர் 2022 அக்டோபரில் சென்னை ராஜாஜி சாலையில் உள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போட்டார். 11 வாய்தா. அதில் ஐந்து வாய்தா, "இன்ஸ்ட்ரக்‌ஷன் வாங்க வேண்டும்" என்று துறையின் வக்கீல் நேரம் கேட்டதற்கே போனது. ஆன்லைனில் பார்க்கலாம்தான். இரண்டு முறை நேரிலும் போனேன், சேரன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்தபடி. ஒரு முறை எங்கள் வழக்கு 'பாஸ் ஓவர்' ஆகிச் சாயங்காலம் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, அடுத்த தேதி. வெளியே வந்தபோது லிக்விடேட்டரின் வக்கீல் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசி வந்தவர் அவர்.

2023 செப்டம்பரில் உத்தரவு: எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு. கடைசி வரி, செலவுத் தொகை குறித்து உத்தரவு ஏதுமில்லை.

துறை திருப்பிக் கொடுக்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் போனது. மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் மன்னிக்க அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லியாயிற்று. துறை வந்தது 71-ஆம் நாள். வரவே முடியாத நாளில் வந்த மேல்முறையீடு. ஆனாலும் அது பட்டியலில் ஏறி, நோட்டீஸ் வந்து, பதில் மனு போட்டு, ஆறு வாய்தா முடிந்து தள்ளுபடியானது 2024 நவம்பரில். அந்த மாதக் கடைசியில் ரூ. 17,60,000 திரும்ப வந்தது. ஒரு ரூபாய் வட்டி கிடையாது.

இதற்கு ஆன செலவு, லிக்விடேட்டர் கொடுத்த காலாண்டு அறிக்கைகளிலிருந்து நான் பொறுக்கி எடுத்தது: தீர்ப்பாயத்தில் ரூ. 3,45,000. மேல்முறையீட்டில் ரூ. 4,60,000. நகல், கூரியர், கட்டணம், பயணம் ரூ. 38,000. ஆக ரூ. 8,43,000. இது முழுதும் 'கலைப்புச் செலவு'. கலைப்புச் செலவு முதல் படி. முதல் படிக்குப் போவது எல்லாம் இரண்டாவது படியிலிருந்து கழியும். இரண்டாவது படியில் இருந்தவர்கள் 112 பேர் மட்டுமே. தலைக்கு ரூ. 7,500-க்கு மேல்.

எல்லாச் செலவும் போகக் கைக்கு வந்தது சராசரியாக ரூ. 46,000 சொச்சம். அதில் இந்த ஏழாயிரத்து ஐந்நூறு என்ன என்பதை, மில்லை விட்ட பிறகு நூறு நாள் வேலைக்குப் போன, மெஷினில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் ஒரு பழைய டாஃபரிடம் கேட்டால் சொல்வார்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் துறையின் வக்கீலுக்குச் சம்பளம் கொடுத்தது பொதுக் கருவூலம். அந்த அதிகாரியின் சட்டைப் பையிலிருந்தோ, அந்த அலுவலகத்தின் ஒதுக்கீட்டிலிருந்தோ போகவில்லை. தோற்றதற்காக எங்கேயும் எதுவும் கழியவில்லை. அந்தக் கருவூலத்திலும் சோப்புக்கும் செருப்புக்கும் எங்கள் ஆட்கள் கட்டிய ஜி.எஸ்.டி. இருக்கிறது. ஆக வாதிக்கும் பிரதிவாதிக்கும் சேர்த்து வக்கீல் வைத்துக் கொடுத்தது மில் தொழிலாளி. அவருக்கு மட்டும் அந்தக் கோர்ட்டு ஹாலில் வக்கீல் கிடையாது.

வழக்கு நடந்த காலத்தில் அந்த அலுவலகத்துக்கு ஒரு முறை மனுவோடு போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார். "சார், நான் வசூல் பண்ணாம விட்டா ஆடிட் என்னைக் கேட்கும். கேஸ் போட்டுத் தோத்தா யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த மடலில் நான் கேட்பதெல்லாம், தோற்றால் யாராவது கேட்க வேண்டும் என்பதுதான்.

அதே ஜி.எஸ்.டி. சட்டத்தின் 88-ஆம் பிரிவைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். பிரைவேட் கம்பெனி கலைக்கப்பட்டு வரி வசூலாகவில்லை என்றால், அந்த வரிக்குரிய காலத்தில் இயக்குநராக இருந்த ஒவ்வொருவரும் பொறுப்பு. தன் அலட்சியத்தாலோ முறைகேட்டாலோ கடமை தவறியதாலோ வசூலாகாமல் போகவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். எங்கள் மில் பிரைவேட் கம்பெனிதான். இயக்குநர்கள் எங்கும் ஓடிப்போகவில்லை, அதே ஊரில்தான் இருக்கிறார்கள், காரில் போகும்போது கண்ணாடியை இறக்கிக் கையும் காட்டுவார்கள். அந்தப் பக்கம் ஒரு கடிதம் போனதாகத் தெரியவில்லை. வங்கிக்கு டி.ஆர்.சி-13 அனுப்புவது சுலபம், இயக்குநரைத் துரத்துவது கஷ்டம். வரிசையில் முன்னால் நிற்கும் கூலிக்காரனைத் தள்ளிவிடுவது எல்லாவற்றையும் விடச் சுலபம்.

வட்டிக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். வரியைத் தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி வாங்குகிறீர்கள். உங்கள் துறை 26 மாதம் வைத்திருந்த ரூ. 17,60,000-க்கு அதே விகிதம் போட்டால் ரூ. 6,86,400. நீங்கள் ரீஃபண்டைத் தாமதித்தால் கொடுக்கும் 6 சதவீதத்தைப் போட்டாலும் ரூ. 2,28,800. எங்களுக்கு வந்தது பூஜ்யம். இது ரீஃபண்ட் இல்லை, ஆகவே வட்டி விதி பொருந்தாது என்றார்கள். ரீஃபண்ட் இல்லைதான். ரீஃபண்ட் என்றால் நாங்களாகக் கட்டியிருக்க வேண்டும்.

தோற்றவர் செலவைக் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிது இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம், ஜெயித்தவருக்குக் கிடைக்க வேண்டியது பெயருக்கு ஒரு தொகை அல்ல, உண்மையில் ஆன நியாயமான செலவு என்றது. அவர் செலவழித்த நேரம், பயணம், தங்கல், வக்கீல் கட்டணம், டைப்பிங் வரை எண்ணிச் சொன்னது. 2015-இன் வணிக நீதிமன்றச் சட்டம் தோற்றவர் கொடுப்பதே பொது விதி என்று இன்னும் அழுத்தமாக எழுதியது. இரண்டு பெரிய கம்பெனிகள் வணிக நீதிமன்றத்தில் மோதினால் இந்த விதி. ஒரு மில் தொழிலாளியின் கடைசிக் காசு பற்றிய வழக்கில் 'செலவு குறித்து உத்தரவு ஏதுமில்லை'. நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குச் செலவு விதிக்கும் அதிகாரம் இல்லாமல் இல்லை. எதிரில் நிற்பது அரசுத் துறை என்றால் பேனா அந்த வரிக்கு வந்ததும் தயங்குகிறது, அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தின் விலையை நாங்கள் கொடுக்கிறோம்.

லிக்விடேட்டர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அவர் அந்த மனுவைப் போட்டது சரி, போடாமல் இருந்திருந்தால் 17 லட்சமும் போயிருக்கும். ஆனால் மேல்முறையீட்டில் 71-ஆம் நாள் என்ற ஒற்றை வரியை எடுத்துச் சொல்ல நான்கரை லட்சம் ரூபாய் வக்கீல் எதற்கு என்று குழுக் கூட்டத்தில் கேட்டேன். ஆலோசனையைக் குறித்துக்கொண்டார். குழுவின் ஆலோசனை லிக்விடேட்டரைக் கட்டுப்படுத்தாது என்பது அப்போதைய விதி. மாற்றி முடிவெடுத்தால் காரணம் எழுத வேண்டும், எழுதினார். இன்னொரு வேடிக்கை, அதே குழுவில் அரசுத் துறைகளின் பிரதிநிதிக்கும் ஓர் இடம் இருந்தது. எங்கள் மேல் வழக்கு நடத்தியவரின் ஆள், அந்த வழக்கை எப்படி எதிர்கொள்வது என்று பேசும் கூட்டத்துக்கு அழைப்பிதழ் பெற்றவர். நல்ல வேளை, ஒரு நாளும் வரவில்லை.

திவால் சட்டத்தின் முகப்புரையை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக, அரசுப் பாக்கிகளின் முன்னுரிமை வரிசையை மாற்றுவது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வரியைப் பின்னால் நிறுத்துவது 2016-இல் நாடாளுமன்றம் தெரிந்தே எடுத்த முடிவு. 2025 ஆகஸ்ட் 12 அன்று மக்களவைக்கு வந்த திருத்த மசோதாவும் இதே திசையில், இரு தரப்பு ஒப்பந்தத்தால் உண்டாவதே பிணை, ஒரு சட்டம் தானாக உண்டாக்கும் பொறுப்பு பிணையாகாது என்று தெளிவுபடுத்த முனைந்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் எங்கள் வழக்கில் சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. 82-ஆம் பிரிவு தெளிவு, ஏ.பி.ஜி. தீர்ப்பு தெளிவு, 45 நாள் கெடு தெளிவு. 2020 மார்ச் 23-இலேயே உங்கள் மறைமுக வரி வாரியம், திவால் நடவடிக்கைக்கு முந்தைய பாக்கிக்கு வசூல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் அனுப்பியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் துறை வழக்கு நடத்தியது என்றால், குறை சட்டத்தில் இல்லை. வழக்கு நடத்துவது அவர்களுக்கு இலவசம் என்பதில் இருக்கிறது.

இன்னொரு சுற்றறிக்கையும் கண்ணில் பட்டது, 2024 ஜூன் 26 தேதியிட்டது. ஜி.எஸ்.டி. வழக்குகளில் தொகை 20 லட்சத்துக்குள் என்றால் ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும், 1 கோடிக்குள் என்றால் உயர் நீதிமன்றத்துக்கும், 2 கோடிக்குள் என்றால் உச்ச நீதிமன்றத்துக்கும் துறை பொதுவாகப் போக வேண்டாம் என்கிறது. சிறு தொகைக்குப் பெரிய வழக்கு வேண்டாம் என்ற நல்ல எண்ணம். எங்கள் தொகை 17 லட்சத்து 60 ஆயிரம். அப்போது எங்கள் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. ஆனால் நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தப் பட்டியலில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி மேல் போகாத வழக்கு, செத்துப்போன கம்பெனி மேல் போகலாம் என்று ஆகிவிட்டது.

ஆகவே நான் கேட்பவை.

கலைப்பில் அல்லது திவால் நடவடிக்கையில் உள்ள நிறுவனத்திடமிருந்து வரித் துறை முறையில்லாமல் எடுத்த பணம் குறித்த வழக்கில் துறை தோற்றால், லிக்விடேட்டருக்கு ஆன உண்மையான வழக்குச் செலவையும், எடுத்த தொகைக்கு நீங்கள் எங்களிடம் வாங்கும் அதே 18 சதவீத வட்டியையும் 30 நாளில் கலைப்புக் கணக்கில் செலுத்த வேண்டும். தீர்ப்பாயம் உத்தரவிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதை நேர்முக, மறைமுக வரி வாரியங்கள் இரண்டும் சுற்றறிக்கையாக வெளியிட உங்கள் ஒரு கையெழுத்து போதும். அந்தத் தொகை வழக்கு நடத்திய ஆணையரகத்தின் கணக்குத் தலைப்பில் தனியாகக் காட்டப்பட வேண்டும், ஆடிட் கண்ணில் படும்படி.

கணக்கின் பெயரில் 'கலைப்பில்' என்ற சொல் இருந்தால், ஆணையரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் டி.ஆர்.சி-13 போகக் கூடாது. 88-ஆம் பிரிவின்கீழ் இயக்குநர்கள் மீது என்ன செய்தோம் என்ற பதில் அந்த ஒப்புதல் தாளிலேயே இருக்க வேண்டும்.

2024 ஜூன் 26 சுற்றறிக்கையின் தொகை வரம்பை நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கும் அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் நீட்டியுங்கள்.

நொடிப்பு மற்றும் திவால் வாரியத்துக்கு: வரித் துறையோடு நடக்கும் முன்னுரிமை வழக்குகளின் செலவைப் பொதுவான கலைப்புச் செலவில் கலக்காமல் தனியாக எழுத விதி கொண்டுவாருங்கள். லிக்விடேட்டரே தோற்கும் வழக்குகளில் அந்தச் செலவு தொழிலாளர் பங்கைத் தொடாமல், தன் கட்டணத்திலிருந்தோ தொழிலாளருக்குப் பின்னால் நிற்பவர்களின் பங்கிலிருந்தோ போகட்டும். காலாண்டு அறிக்கையில் வழக்கு வாரியாக எவ்வளவு கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்ற பக்கம் தொழிலாளர் பிரதிநிதிக்கு அவர் மொழியில் கிடைக்க வேண்டும். வழக்கு நடத்தும் துறையின் பிரதிநிதி, அந்த வழக்கு பற்றிய கூட்டத்தில் உட்காரக் கூடாது.

கடைசியாக எங்கள் கணக்கு. செலவு ரூ. 8,43,000. வட்டி ரூ. 6,86,400. மொத்தம் ரூ. 15,29,400. இதை உங்கள் துறை திருப்பித் தர வேண்டும். கலைப்புக் கணக்கு மூடியாயிற்று, நிறுவனத்தையும் கலைத்து உத்தரவு வந்துவிட்டது, ஆகவே எந்தக் கணக்கில் செலுத்துவது என்று உங்கள் அலுவலகம் கேட்கக்கூடும். பங்கு பெற்ற 112 பேரின் வங்கிக் கணக்கு எண்களும், அவரவருக்கு எந்த விகிதத்தில் போனது என்ற பட்டியலும் என்னிடம் இருக்கின்றன. பிறகு காலமான மூன்று பேருக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம். துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அடுத்த நாளே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மூடிய மில்லின் முன்னாள் கணக்குப் பிரிவு ஊழியர்,
112 தொழிலாளர்களின் சார்பில்,
கோயம்புத்தூர் மாவட்டம்